எலன் டெரியின் ஐந்து படங்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் நீதிமன்றக் காட்சியை நடத்தும்போது, போர்ஷியா வேடத்தில் புகழ்பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மேடை நடிகை என்று எலன் டெரியின் பெயரைச் சொன்னேன். ஒரு மாணவி அங்கேயே கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, அவர் நடித்தவை ஐந்தே படங்கள், 1916-க்கும் 1922-க்கும் இடையில் எடுக்கப்பட்டவை, அவற்றில் ஒன்றைக்கூட இன்று யாரும் பேசுவதில்லை என்றாள். “பிறகு எதை வைத்து அவரைப் பெரிய நடிகை என்கிறீர்கள்?” என்றும் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஹென்றி இர்விங் என்ற ராஜபார்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஸ்திரீபார்ட் என்பதால் வந்த புகழ்தானா அது? முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்திருந்தால் திரையிலும் அவர் கொடிகட்டிப் பறந்திருப்பாரா? விரிவாக எழுதினால் வகுப்பில் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
தங்கள் வாசகி

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவியின் கேள்வி நியாயமானது. நடிப்பென்றால் பதிவாகி நம் கைக்கு வந்து சேர்வது என்றே பழகிவிட்ட தலைமுறை அது. மேடையோடு கரைந்துபோன ஒரு கலையை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்று கேட்கத்தான் செய்யும். ஆனால் எலன் டெரியின் கலைவாழ்வை அந்த ஐந்து படங்களிலிருந்து தொடங்கி அளக்க முடியாது. முதல் படத்தில் நடித்தபோது அவருக்கு வயது 69. மேடையேறி அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் பிறந்தது 1847 பிப்ரவரி 27 அன்று, கோவென்ட்ரி நகரில். தந்தையும் தாயும் ஊர் ஊராகச் சென்று நடித்த நாடகக்காரர்கள். அப்படி ஓர் ஊரில் தங்கியிருந்த இடத்தில்தான் இவர் பிறந்தார். ஒன்பது வயதில், 1856 ஏப்ரல் 28 அன்று, லண்டன் பிரின்சஸ் அரங்கில் சார்லஸ் கீன் நடத்திய ‘குளிர்காலக் கதை’ நாடகத்தில் இளவரசன் மமிலியஸாக முதன்முதலில் மேடையேறினார். அன்று விக்டோரியா அரசி அவையில் இருந்தார். பொம்மை வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடச் சொல்லியிருந்தார்கள். ஓடிய சிறுமி வண்டியின் கைப்பிடி தடுக்கி மல்லாந்து விழுந்தாள். அவையில் சிரிப்பு எழுந்தது. தன் நடிப்பு வாழ்க்கை அன்றோடு முடிந்தது என்று நினைத்து அழுததைப் பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டில் ‘கோடைக்கால இரவுக் கனவு’ நாடகத்தில் பக் என்னும் குட்டிப் பூதமாக நடித்தபோது, மேடைத் தளத்தில் இருந்த பொறிக்கதவு முந்திக்கொண்டு மூடி அவருடைய கால் விரலை நசுக்கிவிட்டது. வலி தாங்காமல் அலறிய குழந்தையிடம் கீனின் மனைவி, நாடகத்தை முடித்துக்கொடு, சம்பளத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்றார். குழந்தை முடித்துக்கொடுத்தது, சம்பளமும் 15 ஷில்லிங்கிலிருந்து 30 ஷில்லிங் ஆயிற்று. இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மையார் மீது கோபம்தான் வருகிறது. ஆனால் எலன் டெரியின் குரலுக்கு அடித்தளம் இட்டவரும் அவரேதான். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் ஐந்து தனி ஒலிகள், களி கிண்டுவதுபோல் அவற்றை ஒன்றாகக் குழப்பாதே என்று சொல்லிச் சொல்லிப் பயிற்றுவித்தவர் அவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவரையும் கிசுகிசுப்பால் எட்டும் திறமை, ஒன்பது பத்து வயதில் இப்படிப் பழக்கத்தால் வந்தது.

பதினாறு வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் என்ற ஓவியர், வயது 46. பத்து மாதங்களில் அந்த மணவாழ்வு முறிந்தது. மிஞ்சியவை வாட்ஸ் வரைந்த ஓவியங்களும், 1864-இல் வைட் தீவில் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த புகைப்படமும். கண்களைத் தாழ்த்திச் சுவரில் சாய்ந்து, கழுத்து மாலையைப் பற்றியபடி நிற்கும் அந்தப் பெண்ணின் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். கேமரன் கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய் மலைநாட்டுத் தோட்டங்களிடையே வாழ்ந்து, 1879-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. பிறகு எலன் டெரி, எட்வர்ட் காட்வின் என்ற கட்டடக் கலைஞருடன் திருமணமின்றி வாழ்ந்து, ஈடித், கார்டன் என்று இரு குழந்தைகளைப் பெற்றார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆறு ஆண்டுகள் மேடையைவிட்டே விலகி நாட்டுப்புறத்தில் கோழி வளர்த்துக்கொண்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். ஒருநாள் வண்டிச் சக்கரம் பழுதாகிப் பாதையில் நின்றபோது, குதிரையில் வேலி தாண்டி வந்தவர் பழைய நண்பரும் நாடகாசிரியருமான சார்லஸ் ரீட். மேடைக்குத் திரும்பி வா என்றார் அவர். வாரம் 40 பவுன் தந்தால் வருகிறேன் என்றார் இவர். அங்கேயே பேச்சு முடிந்தது. 1874-இல் மீண்டும் மேடையேறினார்.

அந்த ரீட் இவரைப் பற்றி எழுதிவைத்த குறிப்பு ஒன்று, உங்கள் மாணவியின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. கண்கள் வெளிறியவை, மூக்கு சற்றே நீளம், வாயில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, நிறம் செங்கல் தூள் போன்றது, முடி சணல் போன்றது. ஆனாலும் எப்படியோ அழகி, அந்த முகபாவம் பக்கத்தில் இருக்கும் எந்த அழகிய முகத்தையும் கொன்றுவிடும் என்கிறார். உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, அசையத் தொடங்கினால் வேறு யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று இதற்குப் பொருள். நேரில் கண்டவர்கள் பலரும் வெவ்வேறு சொற்களில் இதையே சொல்கிறார்கள். எனவேதான் அவருடைய புகழை வெறும் பழங்கதை என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

நீங்கள் வகுப்பில் நடத்திய போர்ஷியா, 1875 ஏப்ரலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் பிறந்தாள். ஷைலக்காக நடித்தவர் எடுபடாததால் நாடகம் சில வாரங்களே ஓடியது. எலன் டெரியின் போர்ஷியாவோ ஊர்ப்பேச்சானாள். ஆகவே இர்விங்கால்தான் இவருக்குப் புகழ் வந்தது என்பது கால வரிசைப்படியே பொருந்தாது. 1878-இல் லைசியம் அரங்கைத் தன் பொறுப்பில் எடுத்த இர்விங், தனக்கு இணையாக நிற்க ஒருவர் வேண்டும் என்று இவரைத் தேடி வந்து அழைத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று ‘ஹாம்லெட்’ நாடகத்தின் நாயகி ஒஃபீலியாவாகத் தொடங்கிய அந்தக் கூட்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்தது. மறு ஆண்டு இருவரும் சேர்ந்து நடித்த ‘வெனிஸ் வணிகன்’ தொடர்ந்து 250 இரவுகள் ஓடியது.

ஆனாலும் ஸ்திரீபார்ட் என்று நீங்கள் எழுதியதில் ஓர் உண்மை இருக்கிறது. அதற்காக அவர் கொடுத்த விலை சிறியதல்ல. ஒஃபீலியா புத்தி பேதலித்து வரும் காட்சியில் கறுப்பு உடை அணிய வேண்டும் என்று யோசித்து, தைக்கவும் ஏற்பாடு செய்திருந்தார். இர்விங் முகத்துக்கு நேரே மறுக்கவில்லை. அருகிலிருந்த மூத்த நடிகர்தான் பதறிப்போய், இந்த நாடகத்தில் கறுப்பு உடையில் ஒருவர்தான் இருக்க முடியும், அது ஹாம்லெட் என்றார். எலன் டெரி வெள்ளை உடுத்தினார். இதைவிடப் பெரிய இழப்பு ரோசலிண்ட். ஷேக்ஸ்பியரின் ‘விரும்பியபடி’ நாடகத்தின் அந்த நாயகி, நகைச்சுவையும் குறும்பும் காதலும் கலந்த பாத்திரம்; இவருக்கென்றே எழுதியது போன்றது. ஆனால் அந்த நாடகத்தில் இர்விங்குக்கு ஏற்ற வேடம் இல்லை. எனவே லைசியத்தில் அது அரங்கேறவே இல்லை. ஷேக்ஸ்பியரின் மற்றொரு நகைச்சுவை நாயகியான பியாட்ரிஸாக இருந்திருக்கிறேன், ரோசலிண்டாகவும் இருந்திருக்கிறேன் என்று சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், என் வாழ்வின் மிகப் பெரிய ஏமாற்றங்களில் ஒன்று அது என்று முதுமையில் அவர் சொன்னார். நாடகாசிரியரும் விமர்சகருமான பெர்னார்ட் ஷா இர்விங்கை ஓயாமல் தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஷாவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் லைசியத்தின் ஒளியமைப்பும் இசையும் ஓவியத் திரைகளும், இரவுக்கு இரவு நிரம்பிய அவையும் இல்லாத ஒரு சிறு அரங்கில் இந்தக் கலை இவ்வளவு வளர்ந்திருக்குமா என்பதை ஷா யோசித்ததாகத் தெரியவில்லை. பிரிட்டனில் நடிகர் ஒருவருக்கு முதன்முதலாக ‘சர்’ பட்டம் கிடைத்தது 1895-இல், இர்விங்குக்கு. அதற்கு இணையான ‘டேம்’ பட்டம் எலன் டெரிக்குக் கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

மேடை முற்றிலும் கரைந்துபோவதில்லை என்பதற்கு ஒரு பொருளைக் காட்டுகிறேன். 1888 டிசம்பர் 29 அன்று லைசியத்தில் ‘மெக்பெத்’ அரங்கேறியபோது, லேடி மெக்பெத்தாக எலன் டெரி அணிந்த உடை இன்றும் இருக்கிறது. நாட்டுப்புறங்களில் வளர்ந்த நம்மில் பலர் சிறு வயதில் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, இலை கிள்ளிப் போட்டு வளர்த்திருப்போம். வெயிலில் திருப்பத் திருப்பப் பச்சை நீலமாகி, நீலம் பொன்னாகி மின்னும் அதன் முதுகு ஓடுதான் அந்த உடையின் உயிர். மென்பச்சைக் கம்பளி நூலையும் நீலச் சரிகை இழையையும் சேர்த்துக் கொக்கி ஊசியால் பின்னி, அதன்மேல் பொன்வண்டு இனத்தைச் சேர்ந்த வண்டுகளின் ஓடுகளை ஏறத்தாழ ஆயிரம் எண்ணிக்கையில் தைத்திருக்கிறார்கள். இரும்புக் கண்ணிகளால் ஆன போர்க்கவசம் போலவும் பாம்பின் செதில் போலவும் ஒரே நேரத்தில் தோன்ற வேண்டும் என்பதே உடையை வடிவமைத்த ஆலிஸ் காமின்ஸ் காரின் எண்ணம். துணியில் வண்டு ஓடு தைப்பது நம் பக்கத்துக் கைவினை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலும் இந்த வேலைப்பாட்டைச் செய்து ஆங்கிலேயச் சீமாட்டிகளுக்கு விற்றார்கள். லைசியத்தின் வாயு விளக்கொளியில், நடிகையின் ஒவ்வோர் அசைவுக்கும் அந்த ஓடுகள் நிறம் மாறி மின்னியிருக்கும். அசைவில் உயிர்பெறும் நடிகைக்கு அசைவில் உயிர்பெறும் உடை.

முதல் இரவே அவையில் இருந்த ஓவியர் சார்ஜென்ட், அந்த உடையில் இவரை வரைந்தே தீருவது என்று முடிவு செய்தார். இரு கைகளாலும் மகுடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கும் ஓவியம் இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேடையில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. அது சார்ஜென்ட்டின் கற்பனை. இவர் நடித்த லேடி மெக்பெத் அத்தனை பயங்கரமானவள் அல்லள் என்பதுதான் அன்றைய விமர்சகர் சிலரின் குறை. கணவன்மீது வைத்த அன்பால் கெட்டுப்போன பெண்ணாக அவளை நடித்தார் எலன் டெரி. வரிக்கு வரி ஓரத்தில் குறிப்பெழுதிய அவருடைய நாடகப் பிரதி, அது போகிற போக்கில் வந்த நடிப்பல்ல என்பதற்குச் சான்று. உடை நூற்றாண்டுக்கும் மேல் நைந்து, ஓடுகள் பல உடைந்துபோயிருந்தன. 1300 மணி நேரம் உழைத்து, உடைந்த ஓடுகளை மெல்லிய ஜப்பானியத் தாள்கொண்டு ஒட்டிச் சீர்செய்து, 2011-இல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். கென்ட் பகுதியில் ஸ்மால்ஹைத் என்ற சிற்றூரில், அவர் வாழ்ந்து மறைந்த வீட்டில் அது இருக்கிறது.

இனி அந்த ஐந்து படங்களுக்கு வருகிறேன். 1902-இல் லைசியக் காலம் முடிந்தது. மகன் கார்டன் கிரெய்க் மேடை வடிவமைப்பில் உலகமே பின்பற்றிய புதுமைகளைச் செய்தவர். ஆனால் 1903-இல் அவருக்காக இம்பீரியல் அரங்கை எடுத்து நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தைப் போட்டதில் தாயின் சேமிப்பு கரைந்தது. 1906-இல் மேடையேறிய பொன்விழாவுக்கு ட்ரூரி லேன் அரங்கில் நடிகை எலியனோரா டூஸே இத்தாலியிலிருந்து வந்தார், இசைநாடகப் பாடகர் கரூசோ பாடினார். இருந்தும் அதன்பிறகு வேடங்கள் குறைந்தன. இவர் சோர்ந்து உட்காரவில்லை. ஷேக்ஸ்பியரின் பெண்களைப் பற்றியும், குழந்தைகளைப் பற்றியும், அவருடைய நாடகங்களில் வரும் கடிதங்களைப் பற்றியும் உரைகள் எழுதி, நடித்துக் காட்டியபடி அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பயணம் செய்தார். கண்பார்வை மங்கிவந்தது. வசனம் மறக்கத் தொடங்கியது.

இந்த நிலையில்தான் 1916-இல் ஃபிரெட் பால் இயக்கிய ‘அவளுடைய மிகச் சிறந்த நடிப்பு’ என்ற பொருள்படும் தலைப்புடைய படம் வந்தது. கொலைப்பழி சுமந்த மகனைக் காப்பாற்ற, ஓய்வுபெற்ற நடிகை ஒருத்தி தன் நடிப்புத் திறமையையே ஆயுதமாக்கும் கதை. மகனாக நடித்தவர் இவருடைய தம்பி மகன். மகள் ஈடித்தும் படத்தில் உண்டு. இரண்டாவது, போர்க்காலத்தில் அரசுக்காக எடுத்த பிரசாரப் படம். எடுத்த படச்சுருள் தீயில் எரிந்து மறுபடி எடுப்பதற்குள் 1918-இல் போரே முடிந்துவிட, வெளிவரவே இல்லை. பிறகு 1920-இல் இப்சன் நாடகம் ஒன்றின் படமாக்கத்திலும் 1922-இல் இரு படங்களிலும் நடித்தார். அவற்றில் ‘பொஹீமியப் பெண்’ படத்தில் கிளாடிஸ் கூப்பரும் ஐவர் நோவெல்லோவும் காதலர்கள். எலன் டெரி வயதான செவிலித்தாய்.

பெரிய நடிகை ஒருவர் இவற்றை ஏன் ஏற்றார் என்று கேட்டால், பிழைப்பு வேண்டியிருந்தது என்பது ஒரு பதில். என் மனத்தில் படும் மற்றொன்றையும் சொல்கிறேன். 1919-இல் லிரிக் அரங்கில் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ஜூலியட்டின் செவிலித்தாயாக அவர் நடித்தபோது, இரவுக்கு இரவு யாராவது அடியெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊமைப்படத்துக்கு வசனம் மனப்பாடம் வேண்டாம். நினைவு கைவிட்ட ஒரு நடிகைக்கு, நடித்துக்கொண்டே இருக்க அது ஒரு வழி விட்டது. ஆனால் வழிவிட்ட அந்தக் கருவியே அவருடைய செல்வத்தில் பாதியை, உயிரெழுத்தை ஐந்தாகப் பிரித்து வளர்த்த அந்தக் குரலை, வாசலிலேயே நிறுத்திவிட்டது. கைகால் அசைவும் முகமும் மட்டும் உள்ளே போயின. அவையும் எழுபதை நெருங்கியவரின் அசைவும் முகமும். இதை வைத்து அவர் திரையில் தோற்றார் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பிந்திப் பிறந்திருந்தால் என்ற உங்கள் கேள்விக்கு, குடும்பத்தைப் பார்த்தே பதில் சொல்லத் தோன்றுகிறது. இவருடைய அக்கா கேட் டெரியின் மகள்வழிப் பேரன்தான் ஜான் கில்குட். 1982-இல் வெளிவந்த ‘காந்தி’ படத்தில் வைஸ்ராய் இர்வினாக உங்கள் மாணவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். பேசும் படம் வந்த பிறகு அந்தக் குடும்பத்தின் குரல் திரையை ஆண்டது. எலன் டெரிக்கு அந்தக் காலம் வாய்த்திருந்தால் அவரும் ஆண்டிருப்பார் என்றே நம்புகிறேன். அவரோ பேசும் படம் வேரூன்றும் நேரத்தில், 1928 ஜூலை 21 அன்று மறைந்துவிட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1925-இல், ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்கில் வால்டர் டி லா மேர் எழுதிய நாடகத்தில் ஆவியாக அவர் கடைசி முறை மேடையில் தோன்றினார். பேச்சில்லாத வேடம். மேடையின் குறுக்கே மெல்ல நடந்து போனார், அவ்வளவுதான்.

மாணவிக்கு ஒரு வேலை கொடுங்கள். 1911-இல், 64 வயதில், அமெரிக்காவில் எலன் டெரி சில ஷேக்ஸ்பியர் பகுதிகளை இசைத்தட்டுக்காகப் பேசிப் பதிவு செய்தார். போர்ஷியாவின் கருணை உரையும் அவற்றில் ஒன்று. இணையத்தில் தேடினால் கிடைக்கும். கொம்புக் குழலுக்குள் பேசிப் பதிந்த காலம், இரைச்சல் அதிகமாக இருக்கும். முதல் முறை கேட்கையில் வார்த்தை பாதி பிடிபடாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூன்று முறை கேட்கச் சொல்லுங்கள். அவளுக்கு என்ன தோன்றியது என்பதை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.